இரண்டு ஊரிலும் விருந்தாளி

வட்டாரச் சுகாதார அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் உபயோகமான ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குப் போனால் தூணுக்குப் பின்னால் உட்காருங்கள். தூண் இல்லாத அரங்கமென்றால், உயரமும் அகலமும் உள்ள ஒரு சுகாதார ஆய்வாளரைத் தேடிப்பிடித்து அவர் முதுகுக்குப் பின்னால் உட்காருங்கள். இருபத்தாறு வருஷம் நான் இப்படித்தான் பிழைத்தேன். ஒரே ஒரு கூட்டத்தில் முன்வரிசைக்குப் போனேன். அதற்குப் பரிசாக வந்த மெமோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் திருமணப் படம் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்.

நான் வட்டாரப் புள்ளியியலாளனாக இருந்தவன். ஊசி போடத் தெரியாது. ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஊர்களில் யார் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று கட்டம் போட்டு எழுதி மேலே அனுப்புவதுதான் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அந்த மெமோவால்தான் போய்விட்டேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வீரமான காரணமாக இருப்பதால் நானும் மறுப்பதில்லை. உண்மையில் இடுப்புவலி.

நீங்கள் பார்க்காத ஒரு கட்டம் எங்கள் படிவத்தில் இருந்தது. "மூன்றாவதும் அதற்கு மேலும்" என்று தலைப்பு. அதை மட்டும் சிவப்பில் நிரப்ப வேண்டும். ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது பிள்ளை பெறக் கூடாது என்று நம் ஊரில் பொதுச்சட்டம் ஏதும் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். சட்டம் இல்லாத இடத்தில் சிவப்பு மை போதும். ஒரு நர்சம்மாவின் பகுதியில் மூன்றாவது பிரசவம் நடந்துவிட்டால், கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி, ஏதோ அவரே பெற்றுவிட்ட மாதிரி விளக்கம் கேட்பார்கள். அவர் போய் அந்தப் பெண்ணைக் கேட்பார். அந்தப் பெண் யாரைக் கேட்பாள்? புருஷன் கடலில் இருப்பான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த நர்சம்மா இருந்தார். பெயரை எழுதினால் வீட்டுக்கே வந்து உதைப்பேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. ஒரு கூட்டத்தில் அவரை எழுப்பி, "இது நடக்கிறப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார். நர்சம்மா முகம் மாறாமல் சொன்னார்: "தூங்கிட்டு இருந்தேன் சார். அந்த நேரத்துல ஊரே தூங்கும்."

அரங்கமே சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் இருந்து சிரித்தேன். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டம் காலியாக வர வேண்டும் என்றார்.

அந்தக் கட்டத்தைக் காலி செய்த புத்திசாலி நான்தான்.

நம் கடற்கரைப் பெண்கள் தாய்வீட்டுக்குப் போவதற்கு நாள் பார்ப்பதில்லை. முதல் பிரசவம் என்றில்லை, மூன்றாவதற்கும் போவார்கள். புருஷன் நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கிற தங்கல் மீன்பிடிக்குப் போனால் ஒரு மாதம் அங்கே, வந்தால் ஒரு மாதம் இங்கே. எங்கள் படிவத்தில் "வந்துபோகிறவர்" என்று இன்னொரு கட்டம் உண்டு. நாங்கள் அதை விருந்தாளிக் கட்டம் என்போம். விருந்தாளிக்குப் பிறக்கும் பிள்ளை நம் சிவப்பில் ஏறாது, அவளுடைய சொந்த ஊர்க் கணக்கில் ஏறும். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே இதைக் கண்டுபிடித்தேன். மூன்றாவது கர்ப்பிணி பத்து நாள் தாய்வீட்டில் இருந்தாலும் நம் ஏட்டில் விருந்தாளி என்று எழுதிவிடுங்கள், கர்ப்பப் பதிவு எண்ணைத் தாய்வீட்டு ஊர் நர்சு போட்டுக்கொள்வார் என்று எல்லா நர்சம்மாக்களிடமும் சொன்னேன். மூத்த நர்சம்மா மட்டும் கேட்டார், "அந்த ஊர்லயும் உங்களை மாதிரி ஒரு ஆளு இருந்தா?" என்னை மாதிரி இன்னொரு ஆள் இருக்க வாய்ப்பில்லை என்று அடக்கத்தோடு பதில் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் சிவப்புக் கட்டம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். பக்கத்து வட்டாரத்துப் புள்ளியியலாளர், என் பழைய நண்பர், எப்படிச் செய்தாய் என்று கேட்டார். புகழ் தலைக்கு ஏறியிருந்த நேரம். பரோட்டாக் கடையில் வைத்து முழுவதையும் சொல்லிக்கொடுத்தேன்.

ஆக, என்னை மாதிரி இன்னொரு ஆளை நானே உண்டாக்கிவிட்டேன்.

அது ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். மறுநாள் ஆய்வுக் கூட்டம். காலை பதினோரு மணிக்கு நான் கட்டங்களை அழகுபடுத்திக்கொண்டிருந்தபோது மூத்த நர்சம்மா போனில் கூப்பிட்டார். சாகுபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருந்து பேசினார். ஊசி போட வந்த இடத்தில் அடுத்த வீட்டுப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். பெயர் ரெஜினா. எட்டு மாதம், மூன்றாவது. முகமெல்லாம் வீங்கியிருக்கிறது, காலையில் இருந்து தலைவலி என்கிறாள், பிரஷர் நூற்றெழுபதுக்கு மேலே. வலிப்பு வந்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, வண்டியும் வந்துவிட்டது. அவள் ஏற மாட்டேன் என்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். "பதிவு எண் இல்ல சார். தாய்வீட்டுல போயிக் கேட்டா, நீ அந்த ஊர்க்காரி, அங்கன போன்னு அனுப்பியிருக்காவ. இங்கன வந்தப்ப நான் அனுப்பியிருக்கேன். நீங்க சொன்னபடிதான் சார். விருந்தாளின்னு என் கையெழுத்துலயே இருக்கு. நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

இங்கே நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். சிரிப்புக் காட்டுகிற என் வாய் இந்த இடத்தில் கொஞ்சம் வறண்டுபோகும்.

நான் எழுந்து ஓடவில்லை. போனை வைத்துவிட்டுப் பக்கத்து வட்டார நண்பரைக் கூப்பிட்டேன். ரெஜினா என்று ஒரு பெண், அவள் உங்கள் கணக்கு என்றேன். தன் ஏட்டைப் புரட்டி, எங்களிடம் விருந்தாளி என்று இருக்கிறாள், ஆகவே உங்கள் கணக்கு என்றார் அவர். எங்களிடமும் விருந்தாளிதான் என்றேன். இரண்டு ஊரிலும் விருந்தாளியாக ஒருத்தி எப்படி இருக்க முடியும் என்று அவர் சட்டம் பேசினார். பரோட்டாக் கடையில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எனக்கே திருப்பிப் படித்துக் காட்டினார். நல்ல மாணவன். நாளைக்குக் கூட்டம், பதிவே இல்லாத மூன்றாவது கர்ப்பிணி உயிருக்குப் போராடுகிறாள் என்றால் என் சான்றிதழ் என்ன ஆகும் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருபது நிமிடம் பேரம் பேசினோம். ஒரு பெண்ணை, வேண்டாத சாமானைப் போல, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தள்ளினோம்.

நர்சம்மா திரும்பக் கூப்பிட்டார். குரல் உயரவே இல்லை.

"சார், இப்ப கண்ணு மங்கலாத் தெரியுதுங்கா. உங்க கணக்கு முடிஞ்சிட்டா?"

அப்புறம்தான் ஓடினேன். ஓடின அழகையும் சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் சாவி என்று நினைத்துப் பீரோச் சாவியைப் போட்டுத் திருகினேன். வண்டி கிளம்பாததற்கு அதை எட்டி உதைத்தேன். பிறகு சரியான சாவியோடு கிளம்பி உப்பளத்துச் சாலையில் பாதி தூரம் போன பிறகுதான் தலையில் ஹெல்மெட் இல்லை, காதில் பென்சில் இருக்கிறது என்று தெரிந்தது. வெள்ளை வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. வாய்விட்டு மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். யார் கணக்கில் வருகிறது என்று அவர்களாவது சண்டை போடாமல் இருக்கட்டும் என்றுதான்.

ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்து நின்றது. ரெஜினா வாசல் நிலையை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மாமியார் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். புருஷன் திரேஸ்புரத்துப் படகில் தங்கல் போயிருந்தான், போன் எடுக்காத தூரத்தில். நர்சம்மா என்னைப் பார்த்தார். அதைவிட ஏசியிருக்கலாம்.

நான் யார் என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் எந்த ஊர்லயும் இல்லியே சார். இப்ப எந்த ஊருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவீய?"

அவளே தொடர்ந்தாள். இரண்டாவது பிரசவத்தின்போதே கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி ஏசினார்களாம். மாட்டேன் என்று வந்துவிட்டாளாம். இப்போது மூன்றாவதோடு போனால், படுக்க வைத்துக் கேட்காமலே செய்துவிடுவார்கள் என்று தெருவில் பேச்சு. "எதுக்குப் பெத்தன்னு கேப்பாவ. வலியில கிடக்கப்ப கேப்பாவ. நான் இங்கனயே கிடந்துக்கிடுதேன்."

இந்த மாதிரி நேரத்துக்கென்று துறையில் நமக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சிறு குடும்பத்தின் நன்மைகளை எட்டுப் படங்களில் விளக்கும் அட்டை ஒன்று உண்டு. நல்லவேளை, அது அலுவலகத்தில் இருந்தது. என் வாயில் வந்தது இதுதான்:

"எங்க அம்மாவுக்கு நான் அஞ்சாவது பிள்ளைம்மா. எங்க கட்டத்துப்படி பார்த்தா நான் பிறந்திருக்கவே கூடாது. என்னைப் பார், தப்பாப் பெத்த மாதிரியா இருக்கு?"

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காதில் பென்சில், சட்டையில் பட்டன் மாறியிருக்கிறது, முகமெல்லாம் வியர்வை. "ஆமா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்றார்.

ரெஜினா சிரித்துவிட்டாள். வீங்கின முகத்தில் சிரிப்பு வலித்திருக்க வேண்டும், நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நிலையைப் பிடித்திருந்த கை இறங்கியது. அந்த இடைவெளியில் நான் இரண்டே விஷயம் சொன்னேன். உன் பெயர் இந்த ஊரில் எழுதப்படும், இப்போதே, என் கையால். நீயாகச் சொல்லாமல் ஒருத்தரும் எந்த ஆபரேஷனும் செய்ய மாட்டார்கள், நான் வாசலில் நிற்பேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து நர்சம்மாவின் ஏட்டில் விருந்தாளி என்பதை அடித்து, ஊரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு படித்துப் பார்த்தாள். பிறகுதான் ஏறினாள்.

மாமியாரும் நர்சம்மாவும் பின்னால், நான் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில். கொற்கைக்குச் சாலை பிரியும் இடத்தைத் தாண்டும்போது பின்னால் சத்தம் கேட்டது. வலிப்பு வந்துவிட்டது. நர்சம்மா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் காலை அழுத்திக்கொண்டிருந்தேன். "சார், பிரேக் எங்கிட்டதான் இருக்கு. நீங்க எதுக்கு மிதிக்கீங்க?" என்றார் ஓட்டுநர். பேரம் பேசிய அந்த இருபது நிமிடத்தைத்தான் தம்பிகளே மிதித்துக்கொண்டிருந்தேன். அது முன்னாலேயே போய்விட்டது. மிதித்து என்ன பயன்?

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். மாமியார் கைநாட்டு வைத்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. பதற்றத்தில் "வட்டாரப் புள்ளியியலாளர்" என்று எழுதியிருக்கிறேன். பணியில் இருந்த டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு தடவை படித்தார். கேட்காமலே ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்ற தெருப் பேச்சை அவரிடம் சொன்னேன். சம்மதக் கையெழுத்து இல்லாமல் அப்படிச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்றார் அவர். அதை அந்தப் பெண்ணின் காதில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நினைவு வந்ததும் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடி சொன்னார்.

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. தாய் இரண்டு நாள் கழித்துக் கண் விழித்துப் பேசினாள். ஆபரேஷன் பற்றிக் கேட்டதற்கு, "அவரு கடல்லருந்து வரட்டும். யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஆளும் நானில்லை.

ரெஜினா கண் விழிக்கும் முன்பே, மறுநாள் காலையில், கூட்டம். முந்தைய நாள் பிரசவம் முடியும் வரை வாசலில் நின்றுவிட்டு, சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பி விருந்தாளிக் கட்டத்தில் இருந்த அத்தனை பேரையும் அவரவர் ஊர்க் கணக்கிலேயே திருப்பி எழுதினேன். சிவப்புப் பேனா மை தீர்ந்தது, இன்னொன்று வாங்கினேன். காலையில் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நர்சம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தூண் அங்கன இருக்கு சார்" என்றார். இன்று பார்வை சரியில்லை என்றேன்.

திரையில் எங்கள் வட்டாரம் வந்தது. போன மாதம் காலி, இந்த மாதம் இவ்வளவா, ஒரே மாதத்தில் இத்தனை பிள்ளையா என்று அதிகாரி கேட்டார். எழுந்து நின்றேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. மேசையைப் பிடித்தேன், மேசையும் ஆடியது.

போன மாதமும் இவ்வளவுதான், நான் மறைத்திருந்தேன் என்றேன். எப்படி மறைத்தேன், அதற்காக எந்தத் தேதியில் சான்றிதழ் வாங்கினேன் என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அதிகாரி மோசமான மனிதர் இல்லை. மூன்றாவது பிரசவம் தாய்க்கு ஆபத்து, அதனால்தானே கேட்கிறோம் என்றார்.

"ஆபத்துன்னா கூட ரெண்டு கண்ணு வச்சுப் பார்க்கணும் சார். நாம சிவப்படிச்சு, இருந்த கண்ணையும் மூடிக்கிட்டோம்."

அதிகாரி முன்னால் இருந்த தாளைத் தள்ளி வைத்தார். இதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போதைக்குப் பழைய எண்ணையே போட்டு அனுப்புங்கள் என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். என் குரலா அது என்று நானே திரும்பிப் பார்த்தேன். எழுத்து மூலம் விளக்கம் கொடுங்கள் என்றார். அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன்: "பிறந்தார்கள். எண்ணினேன்."

மெமோ வந்தது. சான்றிதழ் தொங்கிய அதே ஆணியில் அதை மாட்டினேன்.

நான் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நானே இரண்டோடு நிறுத்திக்கொண்டவன். எப்படி நிறுத்தினேன் என்ற கதையில் நான் மயங்கி விழுந்து நாலு பேர் தூக்கி வந்த பகுதி இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். வேண்டும் என்று கேட்டு வருகிற பெண்ணை வாசலில் நின்று வரவேற்று அழைத்துப் போங்கள். வேண்டாம் என்கிற பெண்ணுக்கும் அதே வாசல்தான், அதே நாற்காலிதான். ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லி உங்களை யாராவது நெருக்கினால், அதில் இருந்து வெளியேறப் போவது எண் மட்டும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். முழங்கால் ஆடும். ஆடட்டும், அது வேறு உறுப்பு.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஊருக்கு ஆள் போதாது என்று மேடையில் கவலைப்படுகிறார்கள். நாளைக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிக் காட்டு என்று உங்களை நெருக்கினாலும் ஆச்சரியமில்லை. அப்போதும் இதே பதில்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, சென்ற ஆண்டு மூத்த நர்சம்மா ஒரு காலையில் கூப்பிட்டார். அதே கடற்கரைக் கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் சேர்க்கிற பேரணி, நீங்களும் வாங்க, சும்மாதானே இருக்கீங்க என்றார். போனேன். மேளம், பலூன், பதாகை எல்லாம் இருந்தன. இல்லாதது பிள்ளைகள்தான். ஒரு வகுப்பில் நாலு பேர் இருக்கும் பள்ளிக்கூடம், இன்னும் குறைந்தால் இருக்கிற இரண்டு ஆசிரியரில் ஒருவரை மாற்றிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் வழியெல்லாம் புலம்பினார். ஐந்து வயது முடிந்த பிள்ளைகளின் பட்டியலை நர்சம்மாவின் ஏட்டில் இருந்துதான் எடுத்திருந்தார். கடைசி வீடு ரெஜினாவுடையது.

நான் மேளக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பழக்கம்.

ரெஜினா வாசலுக்கு வந்தாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, பெயர் ஜென்சி, பலூனையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கும்பிட்டுப் பிள்ளையைக் கேட்டார். ரெஜினா மேளம் நிற்கும் வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கு எதுக்குப் பெத்தன்னு ஏசுனிய. இன்னைக்கு மேளம் அடிச்சிட்டு வந்து அதே பிள்ளையக் கேக்கிய. ரெண்டுல எது சார் கவர்மெண்டு?"

தலைமையாசிரியர் ஒன்றும் புரியாமல் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா தரையைப் பார்த்தார். ரெஜினா எட்டி மேளக்காரரின் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அங்கன ஒளியுறது அந்த அஞ்சாவது ஆளுதானே. முன்னால வரச் சொல்லுங்க."

வந்தேன். அவள் என்னிடம் பேசவில்லை, தலைமையாசிரியரிடம்தான் பேசினாள். "சேக்குதேன். ஆனா என் முன்னால எழுதுங்க. பிள்ள பேரு, அப்புறம் ஊரு பேரு. இந்த ஊருன்னு எழுதணும்."

தலைமையாசிரியர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. என்னுடையதை நீட்டினேன். பழைய நினைப்பில் சிவப்புப் பேனாவை எடுத்து வந்திருந்தேன். அவர் தயங்கினார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றாள் ரெஜினா. அவர் எழுதி முடிக்கும் வரை, எழுத்து எழுத்தாக, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.